பிகாமில் எந்த மேஜர்? கடைசி வாசலிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் முறை

கிரேட் 9 படிக்கும் பிள்ளை ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டும். அடுத்த மூன்று வருஷத்துக்கு எந்தெந்தப் பாடம் என்று டிக் அடிக்க வேண்டும். அடியில் பெற்றோர் கையெழுத்து. சட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ லெனேஷியாவோ, பெரும்பாலான தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் அந்தத் தாளுக்குச் சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிஷம்தான் கிடைக்கிறது. காலேஜில் எந்த பிசினஸ் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எடுப்பது என்று மூன்று வருஷம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விக்குப் பாதி விடை அந்த ஐந்து நிமிஷத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

காரணம் மேத்ஸ் கட்டம். மேத்ஸ், டெக்னிக்கல் மேத்ஸ், அன்றாடக் கணக்கைச் சொல்லித்தரும் மேத்ஸ் லிட் மூன்றில் ஒன்று கட்டாயம். மேத்ஸ் லிட்டில் 85 வாங்கினால் ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிகாம் என்று பெயர் போட்ட பட்டப்படிப்புகள் பெரும்பாலும் மேத்ஸைத்தான் கேட்கும். லிட்டில் எடுத்த 85ஐ அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மெட்ரிக் (கிரேட் 12 இறுதித் தேர்வு) அளவுகோலில் 50–59 லெவல் 4, 60–69 லெவல் 5, 70–79 லெவல் 6, 80க்கு மேல் லெவல் 7. பொது பிகாமுக்கு லெவல் 4 இருந்தால் பல இடங்களில் பேச்சைத் தொடங்கலாம். சிஏ வழிக்குப் போகும் அக்கவுண்டிங் பட்டத்துக்கு லெவல் 5, சில இடங்களில் அதற்கும் மேல். காப்பீட்டு ஆபத்தைக் கணக்கிடும் ஆக்சூரியல் சயன்ஸ் என்றால் 80ஐ ஒட்டி யோசியுங்கள். எண்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், வருஷத்துக்கு வருஷம் மாறும். பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்த வருஷத்து எண்ணை நம்பாதீர்கள், நீங்கள் சேரப்போகும் வருஷத்துக் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

மேத்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்குவது ஒரு கடிதத்தில் முடிந்துவிடும். மறுபடி ஏறுவது அப்படியில்லை, விட்டுப்போன பாடம் முழுவதையும் தனியாகப் பிடிக்க வேண்டும். ஆகவே கிரேட் 10 ஜூன் பரீட்சையில் 35 வந்ததும் பள்ளி மாறச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். விடைத்தாளை வாங்கி எங்கே மார்க் போனது என்று பேனாவால் குறியுங்கள். பெரும்பாலும் பின்னம், காரணிப்படுத்தல், சமன்பாட்டில் குறி மாற்றுவது என்று கிரேட் 8, 9 சமாச்சாரத்தில்தான் ஓட்டை இருக்கும். அதை மூன்று நான்கு மாதத்தில் அடைத்துவிடலாம். புதிய பாடமே பிடிபடவில்லை, எதைச் செய்தாலும் இருட்டாக இருக்கிறது என்றால் அப்போது லிட்டைப் பற்றிப் பேசுங்கள்.

பள்ளியில் அக்கவுண்டிங் எடுக்காவிட்டாலும் பல பிகாம்களில் சேர்ந்துவிடலாம்; சேர்ந்தபின் முதல் செமஸ்டர் மூச்சு முட்டும், அவ்வளவுதான். பிசினஸ் ஸ்டடீஸ் மொத்தப் புள்ளியை உயர்த்த உதவும், வாசல் எதையும் அது தனியாகத் திறக்காது. தமிழை மொழிப்பாடமாக எழுதும் பிள்ளைகள் அந்த மார்க் சேர்க்கைப் புள்ளியில் கணக்காகுமா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லைஃப் ஓரியன்டேஷன் பாட மார்க்கைப் பல பல்கலைக்கழகங்கள் கூட்டுவதில்லை.

மேஜரின் பெயரை விட அதன் முடிவில் இருக்கும் பதிவு

பிசினஸ் மேஜர்களை இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில், படிப்பு முடிந்தபின் ஒரு சங்கமோ வாரியமோ உங்கள் பெயரைப் பதிவு செய்யாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. மற்றதில் பதிவு என்று எதுவும் கிடையாது, நீங்கள் என்ன செய்து காட்டுகிறீர்களோ அதுதான் சான்றிதழ். முதல் குவியலில் தவறான பட்டத்தை எடுத்தால் வருஷங்கள் போகும். இரண்டாவதில் பட்டத்தை மட்டும் நம்பினால் வேலை போகும்.

சிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கல்யாண மண்டபங்களில் அதிகம் விசாரிக்கப்படும், குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட படிப்பு அது. சிஏக்களின் சங்கமான சைக்கா அங்கீகரித்த மூன்று வருஷ அக்கவுண்டிங் பட்டம்; அதன்மேல் ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ, இன்னும் பழைய பெயரில் சிடிஏ என்றே எல்லோரும் சொல்கிறார்கள்; பிறகு பதிவு பெற்ற அலுவலகத்தில் மூன்று வருஷப் பயிற்சி ஒப்பந்தம், அதாவது ஆர்ட்டிகிள்ஸ்; இதற்கு நடுவே சைக்காவின் இரண்டு தேர்வுகள். இரண்டாவது தேர்வை எழுதப் பயிற்சியில் குறைந்தது 20 மாதம் ஓடியிருக்க வேண்டும். எங்கும் தடுக்கி விழாதவருக்கே மொத்தம் ஏழு வருஷம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் எது தெரியுமா? பட்டத்தின் பெயர். பிகாம் அக்கவுண்டிங் என்பதும், பொது பிகாமில் அக்கவுண்டிங்கை மேஜராக எடுப்பதும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். முதலாவது சைக்கா பட்டியலில் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. ஆடிட்டிங், டாக்ஸ், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் மூன்றையும் கடைசி வருஷ மட்டம்வரை கொண்டுபோகாமல் பட்டம் வாங்கினால் சிடிஏவில் இடம் கிடைக்காது. இணைப்புப் படிப்பு என்று இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். சேரும் முன்பே சைக்காவின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பட்டத்தின் முழுப் பெயரையும், அது நடக்கும் வளாகத்தையும் எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பாருங்கள்.

சிஏ மட்டுமே அக்கவுண்டன்ட் என்ற நினைப்பையும் கொஞ்சம் தளர்த்தலாம். இன்னொரு அக்கவுண்டன்ட் சங்கமான சைப்பாவின் வழியில் பொருத்தமான பட்டம், மூன்று வருஷப் பயிற்சி, ஒரு தொழில்தேர்வு. நடுவில் சிடிஏ என்ற மலை இல்லை. டோங்காட்டிலும் வெருலத்திலும் சிறு கடைகளுக்குக் கணக்கும் வரியும் பார்க்கும் அலுவலகம் வைக்க ஆசைப்படுபவருக்கு அது போதும். வரி மட்டும் பிடிக்கும் என்றால், கட்டணம் வாங்கி மற்றவருடைய ரிட்டர்ன் போட அங்கீகாரம் பெற்ற ஒரு தொழில்சங்கத்திலும் வரித்துறையான சார்ஸிலும் பதிவு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிரிட்டனுக்கோ வளைகுடாவுக்கோ போகும் எண்ணம் இருந்தால் ஏசிசிஏ, சீமா என்ற பிரிட்டிஷ் அக்கவுண்டிங் தகுதிகள் இரண்டையும் பாருங்கள். ஏசிசிஏவில் 13 தாள்கள், பட்டத்தைப் பொறுத்துச் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கும், மூன்று வருஷ அனுபவமும் தேவை.

ஃபைனான்ஸ் மேஜர் எடுத்து வாடிக்கையாளருக்குக் காப்பீடு, முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் வேலைக்குப் போனால் நிதி ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் ஃபைஸ் சட்டம் குறுக்கே நிற்கும். அங்கீகரித்த தகுதிப் பட்டியலில் உங்கள் பட்டம் இருக்க வேண்டும், ஆர்இ 5 என்ற தேர்வையும் குறித்த காலத்துக்குள் தேற வேண்டும். பொருளாதாரம் மேஜராக எடுப்பவர்கள் ஆனர்ஸ் (பட்டத்துக்கு மேல் இன்னொரு வருஷம்) வரை போகத் தயாராக இருங்கள். ரிசர்வ் வங்கி, நிதி அமைச்சு, வங்கிகளின் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஆசைப்படும் வேலைகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான் தொடங்குகின்றன. இண்டஸ்ட்ரியல் சைக்காலஜி மூன்று வருஷம் படித்துவிட்டு நான் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு மாஸ்டர்ஸ், 12 மாத இன்டர்ன்ஷிப், சுகாதாரத் தொழில் வாரியமான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு வேண்டும். வக்கீல் ஆசை உள்ளவர் பிகாம் லா மூன்று வருஷம், எல்எல்பி இரண்டு வருஷம், பிறகு பயிற்சி என்று எண்ணிக்கொள்ளட்டும்.

மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட், சப்ளை செயின், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ஆகியவை இரண்டாவது குவியல். இவற்றில் மேனேஜ்மென்ட்டை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். 21 வயதுப் பிள்ளையிடம் யாரும் நிர்வகிக்க எதையும் கொடுக்கப் போவதில்லை. கூடவே கையில் பிடித்துச் செய்யும் ஒரு வித்தை வேண்டும். மேனேஜ்மென்ட்டோடு சப்ளை செயின், மார்க்கெட்டிங்கோடு இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், ஃபைனான்ஸோடு புள்ளியியல் என்று ஜோடி சேருங்கள். எச்ஆர் எடுப்பவர் தொழிலாளர் சட்டத்தை விருப்பப் பாடமாகவாவது கட்டாயம் எடுக்க வேண்டும். சட்டம் தெரியாத எச்ஆர் லீவ் ஃபாரம் அடுக்கும் வேலையிலேயே நின்றுவிடும்.

வீட்டில் செய்து பார்க்கும் மூன்று சோதனைகள்

ஆன்லைனில் வரும் 'உங்களுக்கு ஏற்ற மேஜர் எது' என்ற பத்துக் கேள்விச் சோதனைகளில் நேரம் போக்க வேண்டாம். அந்த வேலையின் ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்துச் செய்து பார்ப்பதுதான் சோதனை.

முதல் சோதனைக்கு, டர்பனில் தலைமையகம் வைத்திருக்கும் மிஸ்டர் பிரைஸ் குழுமத்தின் ஆண்டறிக்கையை அவர்களுடைய தளத்திலிருந்து இறக்குங்கள், இலவசம்தான். ஒரு மணி நேரம் புரட்டுங்கள். நிதிநிலைப் பக்கங்களுக்குப் பின்னால் எண் போட்டு வரும் குறிப்புகளை ஒன்றுவிடாமல் வாசித்து, இந்தத் தொகை அங்கே எப்படி வந்தது என்று தேடினால் அது அக்கவுண்டிங் மனசு. விற்பனை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்ற பக்கத்தில் நின்றால் பொருளாதாரமும் மார்க்கெட்டிங்கும். பங்கு விலை, கடன், ரொக்கம் என்று கண் ஓடினால் ஃபைனான்ஸ். இருபதாவது நிமிஷத்தில் போனை எடுத்துவிட்டால் அதுவும் ஒரு விடைதான். நிதி சார்ந்த மேஜர் எதிலும் அந்த மாதிரிப் பக்கங்கள்தான் தினசரிச் சோறு.

இரண்டாவது, துறைமுகக் கணக்கு. டர்பனில் வளரும் பிள்ளை துறைமுகத்தைப் பற்றி யோசிக்காமல் மேஜர் எடுப்பது கடற்கரையில் இருந்துகொண்டு மீனுக்கு அலைவது போல. 1,00,000 ரேண்ட் மதிப்புள்ள சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கச் சுங்கம் மதிப்பை எஃப்ஓபி விலையில் எடுக்கும், அதாவது கப்பலேற்றும் வரை ஆன விலை. அந்தச் சரக்குக்கு 20 சதவீத வரி என்றால் 20,000. இனி இறக்குமதி வாட். முதல் தடவை போடுபவர்கள் 1,20,000த்துக்கு 15 சதவீதம் என்று 18,000 போடுவார்கள், தப்பு. சுங்க மதிப்போடு முதலில் 10 சதவீதம் கூட்ட வேண்டும், பிறகு வரியைச் சேர்க்க வேண்டும். 1,00,000 + 10,000 + 20,000 = 1,30,000. அதில் 15 சதவீதம் 19,500. ஆக வரியும் வாட்டும் சேர்ந்து 39,500. இதில் 1,500 ரேண்ட் குறைத்துப் போட்டால் கன்டெய்னர் நகராது. நகராத ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

அந்த 10 சதவீதம் எதற்கு, போட்ஸ்வானாவிலிருந்து வந்தாலும் கூட்ட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறதா? கூட்ட வேண்டியதில்லை; சுங்க ஒன்றியத்து அண்டை நாடுகளுக்கு வேறு கணக்கு. இப்படிக் கேட்கத் தோன்றினால் சப்ளை செயின் உங்களுக்கு உட்காரும். நம் வீடுகளில் இந்த மேஜருக்கு மரியாதை குறைவு. லாரி ஏற்றி இறக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகம், பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலை போன்ற தொழிற்சாலைகளின் கொள்முதல் பிரிவு, பெரிய கடைச் சங்கிலிகளின் கிடங்கு என்று ஊரைவிட்டுப் போகாமல் வேலை தேட வாய்ப்புள்ள துறை இது.

மூன்றாவது எச்ஆருக்கு. வேலைநீக்கத் தகராறைத் தொழில் தகராறு தீர்க்கும் சிசிஎம்ஏ அமைப்புக்குக் கொண்டுபோகும் 7.11 என்ற படிவம் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். ஒரு கற்பனைத் தொழிலாளியை நீங்களே உருவாக்கி அதை நிரப்புங்கள். நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எதற்காக நீக்கினார்கள், விசாரணை நடந்ததா, என்ன பரிகாரம் வேண்டும் என்றெல்லாம் கேட்கும். இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதிப் பார்க்கும் பொறுமை இருந்தால் எச்ஆர். 'மனிதர்களோடு பழகப் பிடிக்கும்' என்பது மட்டும் போதாது. பழகிய ஆளிடமே கசப்பான கடிதத்தை நீட்ட வேண்டிய தொழில் இது.

கையேட்டைப் பின்னிருந்து படிப்பது

பல்கலைக்கழகக் கையேட்டில் எல்லோரும் முதல் வருஷப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். நீங்கள் மூன்றாம் வருஷ மாட்யூலில், அதாவது பாடப்பிரிவில், தொடங்குங்கள். அதன் கீழே 'முன்தேவை' என்று எதைக் கேட்கிறார்களோ அந்த இரண்டாம் வருஷ மாட்யூலைத் தேடி, அதற்கு என்ன முன்தேவை என்று பார்த்து, முதல் வருஷம்வரை பென்சிலால் கோடு இழுங்கள். இரண்டு மேஜருக்கும் இப்படி இழுத்தால் முதல் வருஷத்தில் விடவே கூடாத பாடங்கள் எவை என்று ஒரே தாளில் தெரிந்துவிடும். பலருக்கு அங்கே மாட்டுவது குவான்டிடேட்டிவ் எனப்படும் கணித மாட்யூல். ஃபைனான்ஸ், பொருளாதாரம், சப்ளை செயின் மூன்றுக்கும் அடியில் அது அஸ்திவாரமாக இருக்கும்.

அந்தக் கோட்டில் இன்னொன்றையும் குறியுங்கள்: எந்த மாட்யூல் எந்தச் செமஸ்டரில் மட்டும் நடக்கிறது. முதல் செமஸ்டர் பாடத்தில் ஜூனில் தோற்றால் அடுத்த பிப்ரவரி வரை அது வராது. அதை நம்பியிருக்கும் இரண்டாம் வருஷப் பாடமும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரே ஒரு மாட்யூல் தோற்று மூன்று வருஷப் பட்டம் நான்கு வருஷமாக நீள்வது இப்படித்தான்.

நேரத்தையும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர வேலை. வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் அடக்கம். 16 கிரெடிட் மாட்யூல் என்றால் 160 மணி. செமஸ்டருக்கு நான்கு எடுத்தால் 640. படிப்பு விடுப்பும் பரீட்சையும் சேர்த்துச் செமஸ்டரை 16 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி நேரம், முழுநேர வேலை மாதிரி. வெள்ளி, சனி, ஞாயிறு கேட்வே மாலில் கடை வேலையும் பார்ப்பவருக்கு எங்கே இடிக்கும் என்று இங்கேயே தெரிந்துவிடும். தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகமான யூனிசாவில் பிகாம் 12 கிரெடிட்டில் 30 மாட்யூல். வேலை பார்த்துக்கொண்டு செமஸ்டருக்கு மூன்று எடுத்தால் வாரத்துக்கு 22 மணி நேரத்துக்கு மேல் வேண்டும், முடிக்க ஐந்து வருஷம். மூன்று வருஷத்தில் முடிக்கிறேன் என்று முழுநேர வேலைக்காரர் ஐந்து ஐந்தாகப் பதிவு செய்வதுதான் அங்கே நடக்கும் பெரிய தப்பு.

விண்ணப்பமும் பணமும்

குவாசுலு நடால் மாகாணத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் சிஏஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகும்: யுகேஇசட்என், டியூடி, மங்கோசூத்து, சூலுலாந்து நான்கும் அதில் அடக்கம். வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். எல்லா இடத்தையும் ஒரே பட்டத்தின் வெவ்வேறு வளாகங்களால் நிரப்பாதீர்கள். மேலே நீங்கள் விரும்பும் பிகாம், நடுவில் கொஞ்சம் குறைந்த புள்ளி கேட்கும் பிகாம், கடைசியில் டியூடியின் ஒரு டிப்ளமோ என்று படிக்கட்டாக வையுங்கள். முதல் கட்டத் தேர்வு கிரேட் 11 இறுதி மார்க்கை வைத்துத்தான் நடக்கும். மெட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிரேட் 11ல் தூங்கியவருக்கு அங்கேயே அடி விழும்.

டிப்ளமோ என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மூன்று வருஷ டிப்ளமோ தேசியத் தகுதிச் சட்டகத்தில் லெவல் 6. அதன்மேல் ஒரு வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமோ முடித்தால் லெவல் 7, பட்டத்தின் அதே படி. பல டிப்ளமோக்களில் வேலையோடு இணைந்த பயிற்சியும் பாடத்திலேயே இருக்கும். மேத்ஸ் லிட்டோடு வந்தவர்களைச் சேர்க்கும் டிப்ளமோக்களும் உண்டு. லெவல் 5ல் 120 கிரெடிட் ஹையர் சர்டிஃபிகேட் முடித்து அங்கிருந்து ஏறுவது இன்னொரு வழி. மெட்ரிக் மேத்ஸை மட்டும் உயர்த்த வேண்டுமென்றால் கல்வித் துறையின் செகண்ட் சான்ஸ் திட்டத்தில் மறுபடி எழுதலாம்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் என்றால் அரசின் மாணவர் நிதியுதவியான என்எஸ்ஃபாஸுக்கு விண்ணப்பியுங்கள். அது தனியார் காலேஜ் கட்டணத்தைக் கட்டாது. மேஜர் மாற்றுவதோடு தொடர்புடைய ஒரு விதி அதில் இருக்கிறது: படிப்பின் குறைந்தபட்சக் காலத்தோடு ஒரு வருஷம்தான் கூட. மூன்று வருஷ பிகாமுக்கு நான்கு வருஷப் பணம். இரண்டாம் வருஷ முடிவில் அக்கவுண்டிங்கை விட்டு வேறு பட்டத்துக்குப் போய் முதல் வருஷத்திலிருந்து தொடங்கினால் கடைசி வருஷம் கைக்காசு. முதல் வருஷத்துப் பொதுப் பாடங்கள் பல மேஜர்களுக்கு ஒன்றுதான் என்பதால், மாறுவதென்றால் முதல் வருஷ முடிவுக்குள் மாறுங்கள். அப்போது பெரும்பாலும் எதுவும் வீணாகாது.

பர்சரி (படிப்பு உதவித்தொகை) தேடும்போது விளம்பரத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். சிஏ மாணவருக்கான துதுகா நிதி ஆப்பிரிக்க, கலர்ட் (கலப்பின) மாணவர்களுக்கானது, நம் பிள்ளைகள் அதில் நேரம் செலவிட வேண்டாம். அதே சமயம், கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுக் கொள்கையான பிஇஇ வந்தபின் இந்தியருக்கு எதுவும் இல்லை என்று மண்டபங்களில் உலவும் பேச்சும் சட்டப்படி தவறு. 2003ஆம் ஆண்டின் 53ஆம் எண் சட்டம் ஆப்பிரிக்கர், கலர்ட், இந்தியர் மூவரையும் கறுப்பினத்தவர் என்ற வரையறைக்குள் வைக்கிறது. நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது மக்கள்தொகை விகிதமும் பார்க்கின்றன என்பது உண்மை. அதனால் போட்டி கடுமை, கதவு மூடப்படவில்லை. ஆனால் அந்த வரையறை பிறப்பாலோ வம்சாவளியாலோ குடியுரிமை உள்ளவர்களையும், 27 ஏப்ரல் 1994க்கு முன் குடியுரிமை பெற்றவர்களையும் மனதில் வைத்து எழுதியது. அண்மையில் சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்த குடும்பத்துப் பிள்ளை அந்தக் கணக்கில் வராது, என்எஸ்ஃபாஸும் கிடையாது. அவர்கள் கட்டணத்தை முதல் நாளிலிருந்தே சொந்தக் காசாகத் திட்டமிட வேண்டும். நிறுவன பர்சரி வாங்கினால், எத்தனை வருஷம் பணம் கொடுத்தார்களோ அத்தனை வருஷம் அங்கே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

தனியார் காலேஜ் என்றால் இரண்டு எண் கேளுங்கள். உயர்கல்வித் துறைப் பதிவு எண் ஒன்று, தகுதிகளைப் பதிவு செய்யும் சாகா ஆணையம் படிப்புக்குக் கொடுத்த ஐடி ஒன்று. இரண்டையும் நீங்களே அந்தந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பது போதாது. 'அங்கீகாரம் விரைவில்' என்று சொல்லும் இடத்தில் ஒரு ரேண்ட்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

முதல் வருஷத்தில் சறுக்கும் இடங்கள்

பள்ளியில் அக்கவுண்டிங் படித்தவர்களே முதல் வருஷ அக்கவுண்டிங்கில் அதிகம் ஏமாறுகிறார்கள். முதல் சில வாரம் தெரிந்த பாடம் திரும்ப வரும். வகுப்புக்குப் போகாமல் பழகிவிடுவார்கள். பிறகு வேகம் மாறும்போது எந்த வாரத்தில் பிடி விட்டது என்றே தெரியாது. படிக்காதவர்கள் முதல் நாளிலிருந்து பயந்து டுடோரியலுக்கு ஓடுவதால் ஜூனில் சில சமயம் இவர்களைத் தாண்டிவிடுவதும் உண்டு.

டிபி என்று எல்லோரும் சொல்வது பரீட்சை எழுதும் தகுதி. டெஸ்ட், அசைன்மென்ட் மார்க் குறித்த அளவுக்குக் கீழே போனாலோ டுடோரியல் வருகை குறைந்தாலோ டிபி கிடைக்காது. பரீட்சை ஹாலுக்குள்ளேயே விடமாட்டார்கள், அந்த மாட்யூல் போனதுதான். ஒவ்வொரு மாட்யூலுக்கும் டிபி விதி வேறு என்பதால் முதல் வாரத்துப் பாடத்திட்டத் தாளிலிருந்து அதை மட்டும் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உடம்பு முடியாமல் டெஸ்டைத் தவறவிட்டால் டாக்டர் சான்றிதழை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். காய்ச்சல் தணிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாள் கடந்துவிடும்.

இரண்டாம் வருஷத்தில் வேலைப் பக்கம் திரும்புங்கள். ஆடிட் நிறுவனங்கள் ஆர்ட்டிகிள்ஸுக்கு ஆள் எடுப்பதைப் பட்டம் முடியும் முன்பே, இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் தொடங்கிவிடுகின்றன. ஜூலை, டிசம்பர் விடுமுறையில் நடக்கும் வேக் வொர்க் பயிற்சியில் பார்த்த பிள்ளைகளை அவர்கள் மறப்பதில்லை. மற்ற மேஜர்காரர்கள் துறைவாரிப் பயிற்சி அமைப்புகளான செட்டாக்களின் லேர்னர்ஷிப்புகளை (வேலையோடு சேர்ந்த பயிற்சி) தேடட்டும். கணக்கு, நிதிக்கு ஃபாஸெட், வங்கிக்கு பேங்க்செட்டா, காப்பீட்டுக்கு இன்செட்டா, போக்குவரத்துக்கு டீட்டா. வழக்கமாக 12 மாதம், மாதாமாதம் உதவித்தொகை. எக்செலில் பிவட் டேபிளும் லுக்அப்பும் கை தானாகப் போடும் அளவுக்குப் பழகுங்கள். நேர்காணலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துச் சோதிக்கும் இடங்கள் உண்டு.

கடைசியாக, யாரும் மேஜரோடு சேர்த்துச் சொல்லாத ஒன்று: டிரைவிங் லைசென்ஸ். ஆர்ட்டிகிள்ஸ் கிளார்க்கை இந்த வாரம் பைன்டவுனுக்கும் அடுத்த வாரம் ரிச்சர்ட்ஸ் பேக்கும் அனுப்புவார்கள். விற்பனை, கிடங்கு, எச்ஆர் விளம்பரங்களிலும் சொந்த வண்டி, லைசென்ஸ் என்ற வரி அடிக்கடி வரும். காருக்கான லேர்னர்ஸ் 17 வயதிலேயே எழுதலாம், இரண்டு வருஷம் செல்லும். 18ல் ஓட்டிக் காட்டலாம். டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் ஊர்கள் இருப்பதால் மெட்ரிக் பரீட்சை முடிந்த டிசம்பரிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள்.